பாதியில் நிற்கிற முள்

டிக்கிப் பலகையை எடுத்துவிட்டு, வெளிச்சம் உள்ளே விழுகிற மாதிரி கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள், தம்பி. டேங்க் தலையில் சின்னத் தட்டு மாதிரி ஒரு மூடி தெரிகிறதா, சுற்றித் திருகு போட்டு? அதுதான் டேங்க் யூனிட். அதற்கு அடியில் உள்ளே ஒரு கம்பி தொங்கும். கம்பியின் நுனியில் ஒரு மிதவை. பெட்ரோல் ஏறினால் அது ஏறும், இறங்கினால் அது இறங்கும். அது ஏறி இறங்குவதைத்தான் முன்னால் டாஷ்போர்டில் இருக்கிற முள் சொல்கிறது. இவ்வளவுதான் சூட்சுமம். உங்கள் மெட்ராஸ் மெக்கானிக் முள்ளை மாற்றினானாம், வயரை மாற்றினானாம். முள்ளில் ஒரு கோளாறும் இல்லை. டேங்க் வறண்டு கிடந்தாலும் அது பாதி என்றுதான் காட்டும். அப்படிக் காட்டு என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

முறைக்காதீர்கள். சரிசெய்துதான் தரப்போகிறேன்.

பீடியை அணைத்துவிட்டேன், பாருங்கள். ஒருதரம் இப்படித்தான் டேங்க்கைத் திறந்து வைத்துக்கொண்டு சுருட்டுப் பிடித்தேன். டேங்க் பறந்துபோய் அடுத்த ஊர்த் தேர் உச்சியில் உட்கார்ந்துகொண்டது. வடம் பிடித்தவர்கள் கலசம் என்று நினைத்து நாலு வீதியும் இழுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். நம்பாவிட்டால் போங்கள். ஆனால் இப்போது சொல்லப்போவதை நம்பலாம்.

இந்த ஆஸ்டின் காரை உங்களுக்கு விற்றாளே ஒரு அம்மாள், ரைஸ்மில் மங்கையர்க்கரசி, அவள் என் தாய்மாமன் மகள். என் கையால் தாலி வாங்கியிருக்க வேண்டியவள். உங்களிடம் சொல்லவில்லையா? சொல்லமாட்டாள். கூச்சம்.

உங்கள் பக்கம் எப்படியோ, எங்களில் தாய்மாமன் மகள் என்றால் எழுதாத பாத்தியதை. பிறந்தபோதே அவள் எனக்கு என்று ஆகிவிட்டது. அவளும் என்னை 'அத்தான்' என்றுதான் கூப்பிடுவாள். கூப்பிட்டுவிட்டு ஓடிவிடுவாள். அந்த ஓட்டத்திலேயே தெரியும், எவ்வளவு பிரியம் என்று.

நான் அவளுக்குக் காட்டாத வேடிக்கையா? பள்ளிக்கூடப் பையில் செத்த தண்ணீர்ப்பாம்பைச் சுருட்டி வைத்திருக்கிறேன். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தாள், அவ்வளவு ரசித்தாள். ஆடிப்பெருக்கு அன்றைக்கு ஒருதரம், அவளுக்குப் பத்து வயசிருக்கும், ஓடிப்போய்ச் சொன்னேன்: "மங்கை, ஒங்கப்பாவ ஆத்துல அடிச்சுக்கிட்டுப் போயிட்டுது." செருப்புக்கூடப் போடாமல் காவேரிப் படித்துறைக்கு ஓடினாள், பாருங்கள். தாய் இல்லாத பெண், அப்பா ஒருத்தர்தான். அங்கே மாமா அரசமரத்தடியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அவர் மடியில் விழுந்து அழுதாள், அழுதாள், அப்படி ஒரு அழுகை. எனக்கு அவள்மேல் ஆசை விழுந்தது அன்றைக்குத்தான்.

ஆறு திருகில் நாலு வந்துவிட்டது. மிச்சம் துருப்பிடித்திருக்கிறது. அந்த மண்ணெண்ணெயை இப்படி விடுங்கள்.

எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம். நான் அப்போதே இந்த மாயவரத்தில் பெயர் போன மெக்கானிக். என் கை பட்டால் இன்ஜின் பேசும். ஒரு லாரி இன்ஜின் தஞ்சாவூர் வரைக்கும் என்னோடு பேசிக்கொண்டே வந்திருக்கிறது. பெண் கேட்க அம்மாவைக் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். மாமா பெயர் உத்திராபதி. பம்புசெட் சாமான் கடை வைத்திருந்தார். காப்பி கொடுத்தார். அப்புறம் அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"கலியா, நீ இருக்கற எடத்துல எல்லாரும் சிரிக்கிறாங்க. நான் இல்லேங்கல. என் பொண்ணு மட்டும் சிரிச்சு நான் பாத்ததில்லடா."

"கல்யாணத்துக்கப்புறம் சிரிப்பா, மாமா."

"நீ ஒரு பொண்ண வளத்துப் பாரு, தெரியும்."

அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் சிதம்பரத்தில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார். நடனசபாபதி என்று பெயர், ரிஜிஸ்தர் ஆபீஸ் கிளார்க். ஒடிசலாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, பேசினால் எதிரில் இருப்பவன் காது கொடுக்க வேண்டும், அப்படி ஒரு குரல். என் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க அழுதாள். நான் அழவில்லை. யோசித்தேன்.

இப்போது இந்த வண்டிக்கு வருகிறேன். இது அப்போது ரைஸ்மில் தெய்வசிகாமணியுடையது. நாற்பத்தைந்து வயசு, பெண்டாட்டி செத்து வெகுகாலம், முன் தலை வழுக்கை, பேச்சுக்கு முன்னால் ஒரு இருமல். நல்ல மனுஷன், அதாவது ஏமாளி. ஊரில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு இதன் கூரையை மடக்கி, பூப்போட்டு, அவரே ஓட்டிக்கொண்டு வருவார். ஒரு வெற்றிலைபாக்கு வைத்துக் கூப்பிட்டால் போதும்.

அவர் வண்டியில் பெட்ரோல் அளவு காட்டுகிற கேஜ் செத்து வருஷக்கணக்காகியிருந்தது. அதனால் மூங்கில் குச்சி ஒன்று வைத்திருந்தார். டேங்க்கில் விட்டு எடுத்து, ஈரம் எதுவரை என்று பார்ப்பார். வெளியே கிளம்பும்போது ஒருதரம், திரும்பும்போது ஒருதரம். கேஜ் வேலை செய்யாத வரைக்கும், தம்பி, இந்த வண்டி பெட்ரோல் இல்லாமல் ஒரு நாளும் நடுரோட்டில் நின்றதில்லை. அதை நன்றாக மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். என் யோசனை முழுக்க அதில்தான் இருக்கிறது.

நேரே மில்லுக்குப் போனேன். "சிகாமணி அண்ணே, என் மாமன் மக கல்யாணம். வண்டி முள்ளு செத்துக் கெடக்கறது நல்லாவா இருக்கு? நான் பாத்துக் குடுக்கறேன்."

"ஒனக்கு வருத்தம் இருக்கும்னு நெனச்சேன், கலியா."

"என்ன வருத்தம்? அவ நல்லா இருந்தா சரி."

மனுஷன் கண் கலங்கிவிட்டார். நான் சொன்னேனே, ஏமாளி.

கழற்றிப் பார்த்தேன். அசல் மிதவை தக்கை. ஊறி, கறுத்துச் சக்கையாகிவிட்டிருந்தது. செத்துப்போன எங்கப்பாவுடைய பித்தளை மூக்குப்பொடி டப்பியை எடுத்து, மூடியோடு சேர்த்துச் சுற்றிலும் ஈயம் வைத்து, சொட்டுக் காற்றுப் போகாமல் பற்றவைத்தேன். அதுதான் புது மிதவை. இதோ வருகிறது பாருங்கள், இன்னும் மிதக்கும். தலைமுடி மாதிரி இருக்கிற கம்பிச்சுருளைத் துடைத்து, அதன்மேல் உரசிக்கொண்டு போகிற நாக்கைத் தீட்டி, புதுத் தக்கை வாஷர் வெட்டி வைத்தேன். வேலையில் குறை சொல்ல முடியாது. அந்த வேலையை அப்படியே விட்டிருந்தால் இன்றைக்கும் முள் பொய் சொல்லாது. கடைசியில்தான் ஒன்று செய்தேன். இந்தக் கம்பி இருக்கிறதே, இதைக் கீழ்நோக்கி இப்படி வளைத்துவிட்டேன். மிதவை போய் டேங்க்கின் தரையைத் தொட்டுவிடும், ஆனால் மேலே நாக்கு பாதி வழியிலேயே நின்றுவிடும். அதற்குக் கீழே இறங்க முடியாது. இறங்கினால்தானே காலி என்று சொல்லும்?

முழு டேங்க் போட்டுக் காட்டினேன். முள் கிடுகிடுவென்று ஏறிப்போய் நின்றது. சிகாமணி குழந்தை மாதிரிக் கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். நான் அந்த மூங்கில் குச்சியை எடுத்து முழங்காலில் வைத்து ஒடித்து மில் வாய்க்காலில் போட்டேன்.

"இன்னமே எதுக்குண்ணே இது?"

"அதானே," என்று சிரித்தார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. மத்தியானம் மில் தூங்குகிற நேரத்தில் போய், ரப்பர் குழாய் விட்டு உறிஞ்சி, வேண்டியதை மட்டும் உள்ளே விட்டு மிச்சத்தை எடுத்துவிட்டேன். வேண்டியது என்றால், மில்லிலிருந்து ஊர்வலம் கிளம்புகிற பிள்ளையார் கோவிலுக்குப் போய், அங்கிருந்து பெரிய கடைத்தெரு நடுவரைக்கும். இன்ஜின் குடிக்கிற ஒவ்வொரு மிடறும் எனக்குத் தெரியும். நினைத்த இடத்தில், ஒரு முழம் முன்னேயும் இல்லை பின்னேயும் இல்லை, நிற்க வைப்பேன். அந்த நேரத்தில் கடைத்தெருவில் ஜனம் இருக்கும். நின்றால் நாலு பேர் சிரிப்பார்கள், சகுனம் பார்க்கிற சம்பந்தி முகத்தைத் தூக்குவார், சண்டை வரும். அதுதான் கணக்கு.

ஆனால் பாருங்கள், நான் கணக்குப் பண்ணாத ஒன்றும் அன்றைக்கு வந்து சேர்ந்தது. கடைத்தெருவில் படித்துறைச் சந்து பிரிகிறதே, மயானத்துக்குப் போகிற வழி, அதன் எதிர் வீட்டில் ஒரு கிழவர் காலமாகிவிட்டார். அது என் ஏற்பாடில்லை. அவ்வளவு தூரம் போகிறவன் நான் இல்லை. அவராகத்தான் செத்தார். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று அவர்கள் அவசரப்படுகிறார்கள். வழியில் பிணம் குறுக்கிடக்கூடாது, அதற்குள் தாண்டிவிட வேண்டும் என்று இவர்கள் அவசரப்படுகிறார்கள். "மில்காரரே, கொஞ்சம் வெரசா," என்று சம்பந்தி கத்துகிறார். சிகாமணி மிதிக்கிறார். நாகஸ்வரக்காரர் ஓடிக்கொண்டே வாசிக்கிறார்.

சரியாகச் சந்தின் வாயை அடைத்துக்கொண்டு வண்டி நின்றது.

இருமியது, குலுங்கியது, நின்றது. சிகாமணி முள்ளைப் பார்க்கிறார். பாதி டேங்க். பானெட்டைத் திறக்கிறார், பிளக்கைத் தொடுகிறார், விரலைச் சுட்டுக்கொள்கிறார். பெட்ரோல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கத் தோன்றவில்லை. முள்தான் சொல்கிறதே. அதற்குள் பாடையைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்துவிட்டார்கள். வண்டியில் ஒருத்தர் மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பாடையில் ஒருத்தர் மாலை போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். நாகஸ்வரம் நின்றது. நாகஸ்வரம் நின்றதே என்று மரியாதைக்குப் பறையும் நின்றது. முதலில் சிரித்தது நான்தான். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள்.

அப்போது அந்த நடனசபாபதி ஒரு காரியம் செய்தான். மாலையைக் கழற்றி சீட்டில் வைத்தான், புதுக் கோட்டைக் கழற்றினான், இறங்கிப் பின்னால் வந்து, "வாங்க, தள்ளிடுவோம். அவங்க போகணும் பாவம்," என்று தோளைக் கொடுத்தான். மாப்பிள்ளை, தம்பி. தன் ஊர்வலத்து வண்டியைத் தானே தள்ளுகிறான். இப்படிப்பட்ட அசட்டுக்குப் பெண் கொடுத்திருக்கிறாரே மாமா என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. தனியாக அவன் திணறுவதைப் பார்த்து, பாடையை முன்னால் தூக்கிவந்த இரண்டு பேர் பக்கத்தில் நின்றவர்களிடம் தோள் மாற்றிவிட்டு ஓடிவந்து கைகொடுத்தார்கள். நல்ல எண்ணம்தான். வண்டி நகர்ந்தது. பிணம் போயிற்று. கல்யாணமும் போயிற்று.

ஏன் என்கிறீர்களா? பாடை தொட்ட கை மாப்பிள்ளை வண்டியைத் தொட்டுவிட்டதே. சம்பந்தி குதித்தார். "பொணந்தூக்கற கை தள்ளி எம்புள்ள பொண்ணு வூட்டுக்குப் போவணுமா?"

"வண்டி நின்னுது, அவ்வளவுதானேப்பா," என்றான் பிள்ளை.

"இன்னிக்கு வண்டி நின்னுது. நாளைக்கு என்ன நிக்கும்?"

கடைத்தெருவிலிருந்து கல்யாணச் சத்திரம் கூப்பிடு தூரம். மாடி ஜன்னலில் மங்கை நின்றுகொண்டிருந்தாள். அவன் கோட்டைக் கழற்றிவிட்டுத் தள்ளியதைப் பார்த்தாள். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் என்னைப் போலத்தான் அருவருப்பாக இருந்திருக்கும்.

அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். அந்தப் பிள்ளை மட்டும் ஒருதரம் சத்திரத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அப்பா கையைப் பிடித்து இழுத்ததும் போய்விட்டான். அவ்வளவுதான் அவன் வீரம்.

சத்திரத்தில் மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். விடிந்தால் முகூர்த்தம். இலைக்கட்டு வந்து இறங்கியிருக்கிறது. அப்படி நின்றுபோன பெண்ணை அப்புறம் யார் கேட்பார்கள்? அந்த முகூர்த்தத்திலேயே யாராவது கட்டியாக வேண்டும். யாராவது என்றால் யார்? முறைக்காரன். நான் காலையிலேயே சவரம் பண்ணி, கரைவேட்டி கட்டி, அக்குளில் சென்ட் தடவிக்கொண்டு வந்திருந்தேன். தூண் பக்கத்தில், மாமா தலை நிமிர்ந்தால் முதலில் கண்ணில் படுகிற இடத்தில் நின்றேன். நிமிரவில்லை. இருமினேன். நிமிர்ந்தார்.

என்னைப் பார்த்தார். அப்புறம் மாடியைப் பார்த்துக் கூப்பிட்டார். "மங்கை. கலியன் நிக்கிறான்மா. என்ன சொல்றே?"

அவள் இறங்கி வந்தாள். நகை எல்லாம் அப்படியே இருந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வந்தவள் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அத்தான், வண்டி முள்ளப் பாத்துக் குடுத்தது நீங்கதானா?"

எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அத்தனை குழப்பத்திலும் என் தொழிலைக் கேட்கிறாள். "நான்தான்," என்றேன். "ஊர்ல வேற யாருக்குத் தெரியும்?"

தலையை ஆட்டினாள். கூடத்து ஓரத்தில் சிகாமணி குந்தியிருந்தார். முள் பாதி என்றுதானே காட்டியது, என் வண்டியால் ஒரு பெண் வாழ்க்கை போச்சே என்று சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதுகொண்டிருந்தார். அவரைக் காட்டினாள்.

"அப்பா, அவரு சம்மதிச்சா அவரக் கட்டிக்கறேன்."

"அவருக்கு என் வயசும்மா."

"இருக்கட்டும்."

"ஏம்மா, முறைக்காரன் நிக்கறப்ப..."

"அவரு சம்மதிக்கலேன்னா ஆத்துல எடம் இருக்கு."

அதிர்ச்சியில் புத்தி பேதலித்துவிட்டது, பாவம். இல்லாவிட்டால் இருபது வயசுப் பெண் அப்படிச் சொல்வாளா? நான்கூடச் சொன்னேன், இப்போது தூங்கட்டும், விடிந்ததும் கேட்போம் என்று. யாரும் காதில் வாங்கவில்லை. விடிந்ததும் தாலி கட்டியாகிவிட்டது. சுட்ட விரலால் சிகாமணிக்கு முடிச்சுப் போட வரவில்லை, அவள்தான் கையைப் பிடித்துக்கொடுத்தாள். ஊர்வலத்துக்கு இதே வண்டி. பெட்ரோல் வாங்கி வந்து ஊற்றியது யார்? நான்தான். என்ன செய்வது, நம் தலையில் எழுதியது அது.

அப்புறம் அவர்கள் குடித்தனம் நடந்தது. பிள்ளை இல்லை. அவர் இருமுவார், அவள் வெந்நீர் வைப்பாள். பிறகு மில்லையே அவள்தான் பார்த்தாள். இந்த முள்ளைச் சரிசெய்து தருகிறேன் என்று எத்தனையோ தடவை போனேன். விடமாட்டேன் என்றுவிட்டாள். புது மூங்கில் குச்சி வெட்டி வைத்துக்கொண்டு அதை விட்டுத்தான் பார்ப்பாள். என் கை பட்டது பட்டபடியே இருக்கட்டும் என்று இருந்திருக்கிறாள். இல்லாவிட்டால் இத்தனை வருஷம் ஒரு கெட்டுப்போன கேஜை யார் அப்படியே வைத்திருப்பார்கள்? நானும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. காத்திருந்தேன். அவருக்கு வயசாகிக்கொண்டே வந்தது, எனக்கு அவசரமில்லை.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து அவர் போனார். நெஞ்சுச் சளி. அதில் என் கை இல்லை. அதற்குள் மாமாவும் இல்லை. நான் கும்பகோணம் போய், மேலக்கடைத் தெருவெல்லாம் ஏறி இறங்கி, ஒரு பட்டுச்சேலை எடுத்தேன். அரக்கு நிறம், நல்ல அகலச் சரிகை. காரியம் எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு அவள் கையில் கொடுத்து, "முறைக்காரன் இன்னும் நிக்கிறேன், மங்கை," என்று சொல்லலாம் என்று. அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு இருக்கும். என்ன வயசு அது? அந்தப் பார்சலை அக்குளில் வைத்துக்கொண்டு கருமாதிக்குப் போனேன்.

கருமாதியில் கோடி போடுவது என்று ஒன்று உண்டு. உங்களுக்குத் தெரிந்திருக்காது. தாலி அறுத்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை கொண்டுவந்து மேலே போர்த்த வேண்டும். கூடப்பிறந்தவன்தான் செய்வான். பார்க்கிற மனசுக்கு நிம்மதியான காரியம் இல்லை. போர்த்தும்போது பெண்டுகள் எல்லாம் கட்டிக்கொண்டு அழுவார்கள். அவளுக்குத்தான் அப்பா இல்லை, கூடப்பிறந்தவனும் இல்லையே. "பொறந்த வூட்டுக் கோடி யாருப்பா?" என்று பங்காளி ஒருத்தர் கேட்டார். கூடத்து நடுவில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்தாள். வாசற்படியில் நின்ற என்னைப் பார்த்தாள். என் அக்குளைப் பார்த்தாள்.

"அண்ணன் கொண்டாந்திருக்காரே," என்றாள்.

எந்த அண்ணன் என்று நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

"கலியபெருமாள் அண்ணே. ஒங்களத்தான். வாங்க. எனக்குக் கூடப்பொறந்தவன்னு வேற யாரு இருக்கா?"

கூட்டம் முழுக்க என்னைப் பார்க்கிறது. சிலபேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பங்காளி என் முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினார். என்ன செய்யட்டும்? போனேன். பார்சலைப் பிரித்தேன். துக்க வீட்டில் அந்தச் சரிகை கண்ணைப் பறித்தது. விரித்து அவள் தோளில் போர்த்தினேன். பெண்டுகள் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினார்கள்.

கோடி போட்டவன் அண்ணன். அதற்கப்புறம் அத்தான் இல்லை, முறை இல்லை, ஒன்றும் இல்லை. எங்கள் ஜனத்தில் அதை யாராலும் மாற்ற முடியாது. அது எனக்குத் தெரியாமல் இல்லை, தம்பி. சிலபேர் இதைக் கேட்டுவிட்டு, அவள் உன்னைப் பழிவாங்கிவிட்டாள் என்பார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? கூடம் நிறைய அவர் வீட்டு ஆண்கள் இருந்தார்கள். யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். என்னைத்தானே கூப்பிட்டாள்?

போர்த்திவிட்டுக் குனிந்தபோது அவள் முகம் எனக்கு வெகு பக்கத்தில் இருந்தது. சுற்றி இருந்த பெண்டுகள் எல்லாம் தலையைக் கவிழ்த்து அழுதுகொண்டிருந்தார்கள், ஒருத்தரும் பார்க்கவில்லை. அவள் அழவில்லை. நேரே என் கண்ணைப் பார்த்துச் சிரித்தாள். பல் தெரிய, நன்றாக, சின்னப்பெண் சிரிக்கிற மாதிரி. அவள் பிறந்ததிலிருந்து நான் பார்க்கிறேன். என்னைப் பார்த்து அவள் சிரித்தது அன்றைக்கு ஒருதரம்தான்.

அது எனக்கு மட்டும் சிரித்த சிரிப்பு. அது போதும் என்று இருந்துவிட்டேன்.